இருநூற்றுப் பத்துச் செம்மறிகள்

ஆட்டுப் புழுக்கையைக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தரும்படி ஏரம்புவிடம் கேட்ட முதல் மனிதர் கணக்காளர் தேவராஜா. உரும்பிராயில் அதற்கு முன்னர் எவரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வெயில் தலைக்குள் இறங்கிவிட்டது என்று இரக்கப்பட்டு ஒரு வாளி தண்ணீர் வார்த்திருப்பார்கள். தேவராஜாவுக்கு யாரும் வார்க்கவில்லை. அவர் ஏசி அறைக்குள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தார்.

ஏரம்புவிடம் செம்மறிகள் இருக்கின்றன. எத்தனை என்று கேட்டால் "கொஞ்சம் கிடக்கு" என்பார். ஆடு வளர்ப்பவன் உருப்படியின் தொகையை வாயால் சொல்லமாட்டான். சொன்னால் நாவூறு பட்டுப் பட்டி அழியும். ஏரம்புவின் தகப்பன் சாகும்வரை சொல்லவில்லை. ஏரம்பு தன் மனைவி குணலட்சுமிக்கும் சொன்னதில்லை. அவள் தானே எண்ணி வைத்திருக்கிறாள், அவளும் சொல்வதில்லை.

தொழில் பட்டி அடைப்பது. தோட்டம் வெறுமையாகக் கிடக்கும் நாளில் தோட்டக்காரன் சொல்லி அனுப்புவான். பொழுதுபடும் நேரம் ஏரம்பு ஆடுகளை ஓட்டிப்போய், தோட்டத்தில் ஒரு துண்டைச் சுற்றி வலை கட்டி உள்ளே விடுவார். விடியுமட்டும் அவை அங்கே கிடந்து புழுக்கை போட்டு மூத்திரம் பெய்யும். அடுத்த இரவு அடுத்த துண்டு. நாலைந்து இரவில் தோட்டம் முழுவதும் எரு. ஓர் இரவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. விடிய ஆடுகளை வெளியே ஓட்டிச் சாய்க்கும்போது தோட்டக்காரன் ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் காசும் தருவான். சிட்டை இல்லை, பில் இல்லை, கையெழுத்து இல்லை. முப்பது வருடத்தில் ஏரம்புவை யாரும் ஏமாற்றியதில்லை. ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர் மட்டும் ஒருமுறை நூறு ரூபா குறைத்துக் கொடுத்தார்.

இந்த ஒழுங்கு கெட்டது செம்மண் சேதன விளைபொருள் மேம்பாட்டு ஒன்றியத்தால்.

ஒன்றியத்துக்கு உரும்பிராயில் ஒரு மாதிரிப் பண்ணை உண்டு. பண்ணை எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். அதை நிர்வகிக்கும் அலுவலகம் இரண்டு மாடி. பண்ணையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள், அலுவலகத்தில் பத்தொன்பது பேர். வெளிநாட்டுக் கொடையாளர்கள் அனுப்பும் காசில் அது நடந்தது. அந்த வருடம் கொடையாளர்கள் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. "சிஸ்டம்" என்றார்கள், கோயிலுக்குள் சாமியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி.

சிஸ்டத்துக்குத் திறப்பு விழா நடந்தது. கணினிக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்தார்கள். தேங்காய் உடைத்தபோது தண்ணீர் விசைப்பலகையில் தெறித்து, திறந்த அன்றே சிஸ்டம் மூடி, இரண்டு நாள் அப்படியே கிடந்தது. பணிப்பாளர் அருட்செல்வன் பேசினார்.

"இண்டையிலிருந்து இந்த நிறுவனத்திலை மனிசர் முடிவெடுக்க மாட்டினம்," என்றார். "மனிசர் முடிவெடுத்தா பிழை வரும். பிழை வந்தா ஆர் செய்தது எண்டு கேள்வி வரும். இனி ஆர் கேட்டாலும் ஒரே பதில்தான்: சிஸ்டம். இதுதான் வெளிப்படைத்தன்மை."

எல்லோரும் கை தட்டினார்கள். பத்தொன்பது பேருக்கும் அது உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

ஆவணி மாதம் பண்ணைக்கு எரு தேவைப்பட்டது. பண்ணைக் காவலாளி றெஜி வந்து ஏரம்புவிடம் சொன்னான்.

"அண்ணை, அஞ்சு இரவு பட்டி அடைக்க வேணுமாம். ஆனா முதலிலை ஒப்பிசுக்கு ஒருக்கா வரட்டாம்."

"பட்டி தோட்டத்திலை அடைக்கிறதோ, ஒப்பிசிலையோ?"

"பதியவேணுமாம் அண்ணை. சிஸ்டம் உங்களைக் கேக்குதாம்."

ஏரம்பு சட்டை போட்டுக்கொண்டு போனார். குணலட்சுமியும் கூடப் போனாள். அவளுக்கு எழுத வாசிக்க நன்றாக வரும். ஏரம்புவுக்குக் கையெழுத்து மட்டும்தான்.

தேவராஜா ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் கஜந்தினி என்ற பெண்பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்தாள். தேவராஜா சொல்வதைத் தட்டுவது அவள் வேலை.

"உம்மடை கொம்பனியின்ரை பேர் என்ன?"

"கொம்பனியோ சேர்? நான் ஏரம்பு."

"அது உம்மடை பேர் காணும். கொம்பனிக்கு என்ன பேர்?"

"ஆடுகளுக்குப் பேர் இருக்கு சேர்," என்றாள் குணலட்சுமி. "அது காணாதோ?"

காணாது. 'ஏரம்பு அன்ட் கொம்பனி' என்று பதிந்தார்கள். தலைவர், ஏரம்பு. மனிதவள முகாமையாளர் என்ற இடத்தை வெறுமையாக விட்டால் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்பதால் குணலட்சுமியின் பெயரைப் போட்டார்கள்.

"எனக்குக் கீழை எத்தினை பேர் சேர்?" என்று கேட்டாள் அவள்.

"ஒருத்தருமில்லை."

"இந்தாளுக்குக் கீழை?"

"நீங்கள்."

"அது இப்பவும் அப்பிடித்தான்," என்றாள். "அதுக்கு ஏன் கரண்டைச் செலவழிக்கிறியள்?"

கஜந்தினி சிரிப்பை அடக்க இருமினாள். தேவராஜா இருமல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, என்ன பொருள் வழங்கப்போகிறீர் என்று கேட்டார். பட்டி அடைக்கப்போகிறேன் என்றார் ஏரம்பு. சிஸ்டத்தில் பட்டி இல்லை. 'உரம்' இருந்தது. அதை அழுத்தினால் எத்தனை கிலோ, எத்தனை மூட்டை என்று கேட்டது.

அப்போதுதான் தேவராஜா புழுக்கையை நிறுத்துத் தரச் சொன்னார்.

"சேர், அது நிலத்திலையெல்லோ கிடக்கும்."

"பொறுக்கும். சாக்கிலை கட்டி, நிறுத்து, களஞ்சியத்திலை பாரம் குடும். பேந்து களஞ்சியத்திலையிருந்து தோட்டத்துக்கு விநியோகிப்பம்."

"மூத்திரம் சேர்?"

தேவராஜா யோசித்தார். கேலி அல்ல, உண்மையாகவே யோசித்தார். "அது லீற்றர்," என்றார் கடைசியில். "அதுக்கு வேறை குறியீடு."

பிறகு அவரே 'வாகன வாடகை' என்பதை அழுத்திப் பார்த்தார். மைல்மீற்றர் எத்தனையில் நிற்கிறது என்று கேட்டது. 'தங்குமிடம்' என்பதை அழுத்தினார். தங்குவது ஆடுகள், இடம் ஒன்றியத்தின் இடம். ஆகவே ஓர் ஆட்டுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஏரம்புதான் ஒன்றியத்துக்குக் காசு கட்டவேண்டும் என்றது. அந்த யோசனை தேவராஜாவுக்குப் பிடித்திருந்தது. கஜந்தினிதான் பயந்து பயந்து, "சேர், 'கால்நடை' எண்டு ஒண்டு கீழை கிடக்கு," என்றாள்.

'கால்நடை' ஒரு கேள்விதான் கேட்டது: எண்ணிக்கை.

"எத்தினை ஆடு?"

"கொஞ்சம் கிடக்கு சேர்."

"கொஞ்சம் எண்டு அடிக்கேலாது காணும். இலக்கம் சொல்லும்."

"உள்ளது எல்லாம் வரும் சேர்."

"இலக்கம்!"

"அதைச் சொல்லுறேல்லை."

தேவராஜாவின் முகம் கறுத்தது. முப்பது வருடக் கணக்கு உத்தியோகத்தில் இலக்கம் சொல்ல மறுத்த வறிய மனிதனை அவர் கண்டதில்லை. பணக்காரர்கள்தான் மறுப்பார்கள்; அவர்களிடம் அவர் கேட்பதும் இல்லை.

கடைசியில் கஜந்தினி பண்ணை வாசலில் நின்று எண்ணுவதாக முடிவானது. ஐந்து நாளும் பொழுதுபடும் நேரம் அவள் ஒரு மட்டையும் பேனையும் வைத்துக்கொண்டு றெஜியோடு படலையடியில் நின்றாள். ஆடுகள் உள்ளே போகும்போது எண்ணி, அவ்வளவு கால்நடை பெற்றுக்கொள்ளப்பட்டதாக ஒரு பத்திரம் எழுதினாள். ஏரம்பு அந்த நேரம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். விடிய ஆடுகள் வெளியே போகும்போது ஒருவரும் எழுதவில்லை. வெளியே போகும் பொருளுக்குச் சிஸ்டத்தில் 'விற்பனை' என்ற ஒரு பத்திரம்தான் இருந்தது. ஒன்றியம் இதுவரை எதையும் விற்றதில்லை.

ஐந்து இரவும் முடிந்தன. ஆறாம் நாள் ஏரம்பு காசுக்குப் போனார். தேத்தண்ணியும் இல்லை, காசும் இல்லை. விலைப்பட்டியல் கொண்டுவாரும் என்றார்கள். குணலட்சுமி ஒரு கொப்பித் தாளைக் கிழித்து வடிவாக எழுதினாள்: பட்டி அடைச்சது ஐந்து இரவு, இரவுக்கு 2,500, மொத்தம் 12,500.

கஜந்தினி அதை அடித்தாள். திரை சிவந்தது.

"என்ன பிள்ளை, ரத்தம் மாதிரி?"

"பொருந்தேல்லை ஐயா. நீங்கள் அஞ்சு எண்டு எழுதியிருக்கிறியள். எங்களுக்கு வந்தது இருநூற்றுப் பத்து எண்டு கிடக்கு."

"என்ன இருநூற்றுப் பத்து?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆடு, ஐயா. ஒரு நாளைக்கு நாப்பத்திரண்டு. அஞ்சு நாள்."

ஏரம்பு காதைப் பொத்தினார். குணலட்சுமி நிலத்தில் துப்பி, "தூ, தூ, கண்ணூறு படாமல்," என்று தலையைச் சுற்றி விரல் முறித்தாள். பிறகு கேட்டாள்: "பிள்ளை, ஒரே ஆடுதானே திரும்பத் திரும்ப வந்தது?"

"எனக்குத் தெரியும் அக்கா. நான்தானே எண்ணினனான். ஆனா அதைச் சொல்லச் சிஸ்டத்திலை இடமில்லை."

தேவராஜா வந்தார். இரவு என்று ஓர் அலகு உலகத்தில் எந்தச் சிஸ்டத்திலும் இல்லை என்றார். விலைப்பட்டியலை மாற்றி எழுதவேண்டும்: கால்நடை 210, மொத்தம் 12,500. ஒன்றின் விலையைக் கஜந்தினி வகுத்துச் சொன்னாள்: 59 ரூபா 52 சதம்.

"சேர், இப்பிடி எழுதினா நாங்கள் ஆட்டை வித்தமாதிரியெல்லோ கிடக்கு?" என்றாள் குணலட்சுமி.

"உங்களுக்குக் காசு வேணுமோ, தமிழ் வேணுமோ?"

காசு வேண்டும். குட்டி ஈனும் ஆடுகளுக்குத் தவிடு வாங்கவேண்டும். ஏரம்பு கையெழுத்து வைத்தார். ஆனால் 59.52-ஐ 210-ஆல் பெருக்கினால் 12,499 ரூபா 20 சதம்தான் வருகிறது. எண்பது சதம் உதைத்தது. திரை மறுபடி சிவந்தது.

"எண்பது சதத்தை நான் விட்டிட்டன் சேர்."

"நீர் விடேலாது. அது கழிவு. கழிவுக்குக் கொள்வனவுக் குழுவின்ரை அனுமதி வேணும்."

குழு ஏழு பேர். புதன்கிழமை கூடினார்கள். றோல்ஸ், பற்றீஸ், நெஸ்கோப்பி. செலவு நாலாயிரத்து எழுநூறு. இரண்டு மணித்தியாலம் விவாதித்து, எண்பது சதக் கழிவை ஏற்பதாகவும், இப்படியான சேமிப்புகளை ஊக்குவிப்பதாகவும் தீர்மானம் எழுதினார்கள். கொடுப்பனவு நாற்பத்தைந்து நாளில் நடக்கும் என்று ஏரம்புவுக்குச் சொல்லப்பட்டது.

அந்த மாத அறிக்கையைப் பார்த்த பணிப்பாளர் அருட்செல்வன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். உடனே ஊழியர் கூட்டம்.

"சந்தையிலை ஒரு செம்மறி முப்பதாயிரம்," என்றார். "நாங்கள் ஐம்பத்தொன்பது ரூபா ஐம்பத்திரண்டு சதத்துக்கு வாங்கியிருக்கிறம். இருநூற்றுப் பத்து! முந்தி நான் என்ரை கையாலை வாங்கின காலத்திலை ஒரு சாமானும் சந்தை விலைக்குக் கீழை வந்ததில்லை. எப்பவும் மேலைதான். அதாலை சொல்லுறன், இது மனிசனாலை ஏலாத காரியம்."

தன்னைப் பற்றி அவர் அன்று சொன்னதை எவரும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. பண்ணைக்குப் போய் அந்த இருநூற்றுப் பத்தையும் ஒருமுறை பார்க்கலாமே என்றும் எவருக்கும் தோன்றவில்லை. பண்ணை அலுவலகத்திலிருந்து ஐம்பது யார் தூரம். வெயில் வேறு. கொடையாளர்களுக்குப் படத்தோடு கடிதம் போனது. படம் இணையத்தில் எடுத்தது. அதில் நின்ற செம்மறிகளுக்குப் பின்னால் பனிமலை இருந்தது.

கொடையாளர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தால் அவர்கள் கணக்காய்வாளரை அனுப்புவார்கள்.

கணக்காய்வாளர் ஒரு அம்மா. கொழும்பிலிருந்து வருகிறார், இருநூற்றுப் பத்தையும் நேரில் பார்ப்பார் என்று மின்னஞ்சல் வந்த அன்றுதான் தேவராஜா முதன்முறையாகப் பண்ணைக்கு நடந்து போனார். அங்கே றெஜியும் ஒரு நாயும் நின்றார்கள்.

"ஆடுகள் எங்கை?"

"எந்த ஆடு சேர்?"

தேவராஜா ஏரம்புவுக்குப் போன் எடுத்தார். குரலில் தேன். "ஏரம்பு, நாளைக்கு ஆடுகளை ஒருக்கால் பண்ணைக்குச் சாய்ச்சுக்கொண்டு வாரும். ஒரு பெரிய ஆள் பாக்க வாறா. உம்மடை காசு விசயமும் அதோடை சரிவரும்."

ஏரம்பு ஆடுகளைக் கொண்டுபோனார். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்திரண்டு.

"மிச்சம்?"

"மேய்ச்சலுக்குப் போட்டுது மேடம்," என்றார் தேவராஜா.

"வரட்டும். அதுவரை உள்ளதைப் பாதுகாக்க வேணும். சொத்துக்கு இலக்கம் ஒட்டுங்கோ. படலையைப் பூட்டுங்கோ."

கதிரை மேசைகளுக்கு ஒட்டும் ஸ்டிக்கர்களை எடுத்துவந்து, ஒவ்வோர் ஆட்டின் நெற்றியிலும் ஒன்றியத்தின் சின்னத்தோடு ஒட்டினார்கள். ஏரம்புவுக்கு இது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியபோது படலை பூட்டியாயிற்று.

"அம்மா, இது என்ரை ஆடு."

"ஆதாரம்?"

ஏரம்பு வேலிக்கு வெளியே நின்று நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். நாற்பத்திரண்டும் தலையைத் தூக்கி, ஸ்டிக்கரும் சின்னமுமாக ஓடிவந்து வேலியில் மோதின.

"இது ஆவணம் இல்லை," என்றார் அந்த அம்மா, கோபமில்லாமல். "ஒன்றியத்திட்டை அஞ்சு பெற்றுக்கொண்ட பத்திரம் இருக்கு. உங்கடை கையெழுத்தோடை விலைப்பட்டியல் இருக்கு. உங்களிட்டை என்ன இருக்கு?"

ஏரம்பு தன் கையைப் பார்த்தார். தடி இருந்தது.

ஆறு நாள் ஆடுகள் அங்கே கிடந்தன. ஒன்றியத்தின் வரவுசெலவில் தீனிக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கவில்லை. ஏரம்புவும் குணலட்சுமியும் காலையும் மாலையும் கிளுவையும் பூவரசும் முறித்துக் கட்டித் தலையில் சுமந்து வந்தார்கள். உள்ளே கொண்டுபோக முடியாது. உள்ளே வரும் பொருளுக்குப் பத்திரம் வேண்டும்.

"அண்ணை, நான் அங்காலை திரும்பி நிக்கிறன்," என்றான் றெஜி. "நீங்கள் வேலிக்கு மேலாலை எறியுங்கோ. காத்திலை வந்ததெண்டு சொல்லுவன்."

ஏரம்புவின் தோள் உரிந்துபோயிற்று. மூன்றாம் நாளிலிருந்து அவர் சோறு சரியாகத் தின்னவில்லை. பொலிசுக்குப் போகலாம் என்று குணலட்சுமி சொன்னாள். "போய் என்னெண்டு சொல்லுறது?" என்றார். "நானே கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு, களவு போச்செண்டோ?" வெறும் பட்டியில் போய்க் குந்திக்கொண்டு இருந்தார். அந்த ஆடுகளை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது ஒரு வலையும் ஒரு தடியும்.

உள்ளே சிஸ்டத்துக்கு வேறு துன்பம். பசியில் ஆடுகள் ஒன்றின் நெற்றி ஸ்டிக்கரை மற்றது தின்றன. பதினேழாம் இலக்கத்தை இருபத்துமூன்றாம் இலக்கம் தின்றது. இருபத்துமூன்றை யார் தின்றது என்று தெரியவில்லை. தேவராஜா ஒரு விசாரணைக் குழு போட்டார். ஐந்தாம் நாள் புள்ளிச்சி என்ற மறி ஒரு கிடாய்க்குட்டி ஈன்றது. அன்று பின்னேரம்வரை அலுவலகத்தில் வேறு வேலை நடக்கவில்லை. குட்டி வந்திருக்கிறது, கொள்வனவுக் கட்டளை இல்லை, விலைப்பட்டியல் இல்லை, வழங்குநர் யார் என்று தெரியவில்லை.

"வழங்கினது கிடாய், சேர்," என்றான் றெஜி. தேவராஜா அவனுக்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.

சனிக்கிழமை கொடையாளர்கள் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. அலுவலகத்தின் கீழ்மாடி முழுவதும் ஆட்டுக் கிடாய் நாற்றம். பணிப்பாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது முடி என்றார். தேவராஜா இரவிரவாகச் சிஸ்டத்தைக் கிண்டி, 'வழங்குநருக்குத் திருப்பி அனுப்புதல்' என்ற ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை காலை ஏரம்புவையும் குணலட்சுமியையும் கூப்பிட்டார்கள்.

"உங்கடை ஆடுகளை நீங்களே கொண்டுபோகலாம்," என்றார் அருட்செல்வன், தானம் வழங்கும் குரலில். "ஏழைகளின்ரை கண்ணீரைத் துடைக்கத்தான் இந்த ஒன்றியம். இதிலை ஒரு கையெழுத்து."

ஏரம்பு பேனையை எடுத்தார். குணலட்சுமி பத்திரத்தை எடுத்தாள். வாசித்தாள்.

"இதிலை இருநூற்றுப் பத்து ஆட்டையும் திருப்பிப் பெற்றுக்கொண்டம் எண்டு கிடக்கு."

"ஓம். அப்பிடித்தான் வந்தது, அப்பிடித்தான் போகவேணும்," என்றார் தேவராஜா. "பாதியைத் திருப்ப ஏலாது."

"உள்ளுக்கை நிக்கிறதுக்கு மிச்சம் எங்கை சேர்?"

"அதை விடுங்கோ. அது கணக்குக்கு."

"நாளைக்கு ஆரும் வந்து, இருநூற்றுப் பத்தை வாங்கினியள், மிச்சம் நூற்று அறுபத்தெட்டையும் எங்கை வித்துத் திண்டனியள் எண்டு கேட்டா, அந்தக் கையெழுத்து இந்தாளின்ரையெல்லோ?"

கஜந்தினி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரம்பு பேனையை மெதுவாக மூடினார். ஆறு நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது.

"கையெழுத்து வைப்பன் சேர்," என்றார். "எண்ணித் தாங்கோ."

"என்ன?"

"ஆடு வரேக்கை இந்தப் பிள்ளை எண்ணித்தானே எடுத்தவ? போகேக்கையும் எண்ணித் தாங்கோ. படலையைத் திறவுங்கோ."

எண்ணாமல் பொருள் வெளியே போகக்கூடாது என்பது தேவராஜாவே எழுதிய விதி. எல்லோரும் பண்ணைக்குப் போனார்கள். பணிப்பாளர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். றெஜி படலையை ஓர் ஆடு போகும் அளவுக்குத் திறந்தான். ஏரம்பு வெளியே நின்று சத்தம் கொடுத்தார்.

"ஒண்டு," என்றார்.

குணலட்சுமி திடுக்கிட்டுத் திரும்பினாள். முப்பத்தொரு வருடக் குடும்பத்தில் அந்த வாய் ஆடு எண்ணி அவள் கேட்டதில்லை.

"ரெண்டு. மூண்டு. நாலு." குரல் கோயில் மணிபோல ஏறியது. வீதியால் சைக்கிளில் போனவர்கள் நின்றார்கள். "பத்து. பதினொண்டு." ஸ்டிக்கர் ஒட்டியதும் ஒட்டாததுமாக ஆடுகள் வந்து அவர் காலைச் சுற்றி நின்றன. "முப்பத்தொன்பது. நாப்பது. நாப்பத்தொண்டு. நாப்பத்திரண்டு."

கடைசியாக வந்தது புள்ளிச்சி. அது வெளியே வந்து நின்று, உள்ளே பார்த்துக் கத்தியது.

ஏரம்பு படலையைப் பார்த்தபடி நின்றார்.

"நாப்பத்திமூண்டு," என்றார்.

ஒன்றும் வரவில்லை.

"நாப்பத்திமூண்டு, சேர்."

உள்ளே குட்டியை றெஜி கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அது போகேலாது," என்றார் தேவராஜா. "அது வந்ததுக்குப் பத்திரம் இல்லை. வராத சாமான் வெளியிலை போகேலாது."

ஏரம்பு இரண்டு எட்டு வைத்து உள்ளே போனார். றெஜி குட்டியைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினான். அதற்கும் பிறகு விளக்கம் எழுதவேண்டி வந்தது. ஏரம்பு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"நாப்பத்திமூண்டு," என்றார். "உங்கடை கடனிலை ஒண்டு கழிஞ்சுது. மிச்சம் நூற்று அறுபத்தேழு. கொண்டுவந்து தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

"எட, காசு வராது காணும்!" என்று தேவராஜா கத்தினார். "கையெழுத்து இல்லாமல் உம்மடை பன்னீராயிரத்து ஐந்நூறு வராது!"

"பன்னீராயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது," என்றாள் குணலட்சுமி. "இருபது சதம். எண்பது சதத்தை நாங்கள் ஏற்கெனவே விட்டாச்சு."

ஆடுகள் வீதியில் இறங்கின. குடை பிடித்த பணிப்பாளரைச் சுற்றிக்கொண்டு போனபோது, ஒன்று அவருடைய சப்பாத்தில் தன் வழக்கமான எருவை விட்டுப் போனது. அதற்கு விலைப்பட்டியல் கொடுக்கப்படவில்லை.

ஒன்றியம் அழிந்துவிடவில்லை, அப்படியான இடங்கள் அழிவதில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம் கஜந்தினி ஏரம்புவின் வீட்டுக்கு வந்தாள். குணலட்சுமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள்.

நூற்று அறுபத்தேழு செம்மறிகளும் இனந்தெரியாத நோயால் ஒரே இரவில் இறந்துவிட்டன. அப்படித்தான் சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. 'இறப்பு' என்று ஒரு பொத்தான் இருந்தது. மிச்சம் நாற்பத்துமூன்றை அதே நோய்க்குப் பயந்து அப்புறப்படுத்தினார்களாம். ஊழியர்கள் எழுந்து நின்று இரண்டு நிமிட மௌனம் காத்தார்கள். கொடையாளர்களில் ஒரு அம்மா அழுதுவிட்டார். மாற்று ஆடுகள் வாங்க ஐம்பது இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா அனுப்பியிருக்கிறார்கள், ஒன்று முப்பதாயிரப்படி. வாங்கும் பொறுப்பைப் பணிப்பாளர் தன் கைக்கே எடுத்துக்கொண்டார். மனிதர் முடிவெடுக்கவேண்டிய கட்டங்களும் உண்டு என்று கூட்டத்தில் பேசினார்.

"எங்கடை காசு?" என்றாள் குணலட்சுமி.

"மஞ்சளிலை நிக்குது அக்கா. மஞ்சள் எண்டால் பரிசீலனை."

"அப்ப நீ ஏன் பிள்ளை வந்தனி?"

கஜந்தினி நிலத்தைப் பார்த்தாள். "தேவராஜா சேர்தான் அனுப்பினவர். சொல்ல வெக்கமாய்க் கிடக்கு. செத்த ஆடுகளின்ரை தோலை என்ன செய்தனீங்கள் எண்டு கணக்காய்வு கேக்குதாம். நூற்று அறுபத்தேழு தோலையும் உங்களுக்கு வித்ததாய் ஒரு பில்லிலை கையெழுத்து வைச்சா, அந்த மஞ்சளைப் பச்சையாக்கி விடுவாராம்."

ஏரம்பு பட்டியடியில் கிடாய்க்குட்டியின் நெற்றியில் காய்ந்திருந்த பசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறந்த இரண்டாம் நாள் அதற்கும் ஒன்று ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"தோல் இல்லை, பிள்ளை," என்றார். "புழுக்கை கிடக்கு. எத்தினை கிலோ வேணுமெண்டு கேட்டுக்கொண்டு வா. சாக்கிலை கட்டி, நிறுத்துத் தாறன்."